பனிப்பாறை போனால் பாசனம்?

கேள்வி: பனிப்பாறைகள் சுருங்கினால் இமயமலைக் கிராமத்தார் என்னதான் செய்வார்கள்?

பதில்: லடாக்கைப் பாருங்கள். லே நகரில் ஆண்டு மழையே சுமார் 100 மில்லிமீட்டர்தான். ஏப்ரல், மே மாதங்களில் பார்லி விதைக்கத் தண்ணீர் வேண்டும். உயரத்துக்கு ஒதுங்கிவிட்ட பனிப்பாறையோ ஜூனில்தான் தாராளமாக உருகும். அரசுப் பொறியாளராக இருந்த செவாங் நோர்பெல், குளிர்காலத்தில் வீணாக ஓடும் ஓடை நீரைத் தடுத்து, நிழலான சரிவுகளில் விதைப்புக் காலத்துக்காக உறையவைத்தார். பிறகு லடாக்கியப் பொறியாளர் சோனம் வாங்சுக் அந்தப் பனியையே கூம்பாக நிமிர்த்தினார். மேட்டிலிருந்து குழாயில் இறங்கும் நீர், மோட்டார் இல்லாமலே பீய்ச்சியடித்து, கடுங்குளிரில் உறைந்து குவிகிறது. கூம்பில் வெயில் படும் பரப்பு குறைவு. அதனால் மெல்ல உருகும். ஆனால் இதைப் பனிப்பாறைக்கு மாற்று என்பது மிகை. ஓடையே வற்றினால் கூம்பு ஏது? குழாய்க்குள் நீர் உறைந்து அடைத்துக்கொண்டால், அந்தக் குளிரில் ஏறிப்போய்ச் சரிசெய்ய ஆள் வேண்டும். உதவ நினைக்கும் அரசு முதலில் அந்த வேலைக்குக் கூலி ஒதுக்கட்டும்.