அளந்து பேசப் பழகு: புள்ளியியல் தொடங்கும் பிள்ளைக்கு

கண்ணு, கருதுகோள் சோதனையும் நம்பிக்கை இடைவெளியும் இந்தப் பருவத்துப் பாடம் என்றாய். கணக்கு வந்துவிடுகிறது, கடைசியில் முடிவு எழுதும்போதுதான் கை நிற்கிறது என்றும் சொன்னாய். நிற்கட்டும். இந்தப் பாடத்தில் கூட்டலும் வகுத்தலும் கால் பங்குதான். மிச்ச முக்கால் பங்கு, தெரிந்ததைத் தெரிந்த அளவுக்கே சொல்லும் நேர்மை. வெகுகாலம் இதைச் சொல்லிக்கொடுத்த உரிமையில், நம்ம மதுரைக் கணக்குகளையே எடுத்து உனக்குச் சிலது சொல்கிறேன்.

1. எண்ணைத் தொடுமுன், இது யாரைப் பற்றிய எண் என்று கேள். 1994-இன் முதல் மூன்று மாதங்களில் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்குக் கருவிழிப் புண்ணோடு வந்த 434 பேரை ஆராய்ந்தார்கள். அவர்களில் 284 பேருக்கு முன்பு கருவிழியில் அடிபட்டிருந்தது. வகுத்தால் 65.4 சதவீதம். திட்டப்பிழை 0.023, அதை 1.96-ஆல் பெருக்கினால் 0.045. ஆக, 95 சதவீத இடைவெளி ஏறத்தாழ 61-இலிருந்து 70 வரை. கணக்கு இங்கே முடிகிறது, யோசனை இங்கே தொடங்குகிறது. இந்த 434 பேர் ஆஸ்பத்திரி வாசல் வரை வந்தவர்கள். வயலில் கண்ணில் கதிர் பட்டும், கைவைத்தியத்தோடு வீட்டில் இருந்துவிட்டவர்கள் இதில் இல்லை. சூத்திரம் அவர்களைக் கொண்டுவந்து சேர்க்காது. வராதவர்களை நினைத்துப் பார்க்கிற பிள்ளைதான் நல்ல புள்ளியியலாளராக வரும்.

2. கேள்வியை முதலில் எழுது. விவரத்தை அப்புறம் பார். இன்மைக் கருதுகோள், மாற்றுக் கருதுகோள், எத்தனை சதவீத மட்டம், ஒரு பக்கமா இரு பக்கமா என எல்லாவற்றையும் சராசரியைப் பார்க்கும் முன்பே தாளில் எழுதிவிடு. கெட்டிக்காரப் பிள்ளைகளே இதில் சறுக்குவதைப் பார்த்திருக்கிறேன். சராசரி கூடுதலாக இருப்பதைப் பார்த்துவிட்டு, “கூடுமா என்றுதான் கேட்டேன்” என ஒரு பக்கச் சோதனைக்குப் போய்விடுவார்கள். பி-மதிப்பு பாதியாகிவிடும், கேள்வியும் பொய்யாகிவிடும். பூஞ்சையால் வரும் கருவிழிப் புண்ணுக்கு நேட்டமைசின் பழைய மருந்து, வோரிகோனசோல் புதியது. அரவிந்தில் 2010, 2011 ஆண்டுகளில் 323 நோயாளிகளைச் சேர்த்து இரண்டையும் ஒப்பிட்டார்கள். புதியதின் மேல்தான் பலருக்கும் எதிர்பார்ப்பு. ஜெயித்ததோ பழையது. புதியது மேலா என்று மட்டும் கேட்டிருந்தால் அந்த உண்மை கைக்கு வந்திருக்குமா? இரு பக்கமும் கதவைத் திறந்து வை.

3. அந்த 95 உன் முறைக்குச் சொந்தமானது, நீ போட்ட ஒரு விடைக்குச் சொந்தமானது இல்லை. மேலூர்ப் பக்கம் கண்மாய் மீன்பிடியில் ஊத்தா போடுவதைப் பார்த்திருப்பாய். கலங்கல் தண்ணீருக்குள் மீன் எங்கே என்று தெரியாது, கூடையை அமுக்குகிறோம். நூறு முறை அமுக்கினால் தொண்ணூற்றைந்து முறை மீன் உள்ளே அகப்படும் என்பது அந்தக் கைப்பழக்கத்தின் பெருமை. அமுக்கிய பிறகு, இந்தக் கூடைக்குள் மீன் ஒன்று இருக்கிறது, அல்லது இல்லை. 1937-இல் புள்ளியியலாளர் நெய்மன் இந்த இடைவெளிக் கருத்தை முறைப்படுத்தி எழுதியபோது சொன்னதும் இதைத்தான். “உண்மைச் சராசரி இதற்குள் இருக்க 95 சதவீத வாய்ப்பு” என்று எழுதக் கை பரபரக்கும். “இந்த முறையைத் திரும்பத் திரும்பச் செய்தால் 95 சதவீத இடைவெளிகள் உண்மையை உள்ளடக்கும்” என்று எழுது. வாக்கியம் நீளமாக இருந்தால் இருக்கட்டும்.

4. “நிராகரிக்கப் போதிய சான்று இல்லை” என்பதை “வேறுபாடே இல்லை” என்று மாற்றி எழுதாதே. பாக்டீரியாவால் வரும் கருவிழிப் புண்ணில் ஆன்டிபயாட்டிக்கோடு ஸ்டீராய்டு சொட்டும் சேர்க்கலாமா என்பதில் மருத்துவர்களிடையே வெகுகாலம் கருத்து வேறுபாடு இருந்தது. 500 நோயாளிகளைக் கொண்டு அதைச் சோதித்தார்கள். பெரும்பாலோர் அரவிந்தில் சேர்க்கப்பட்டவர்கள். முடிவு 2012-இல் வெளிவந்தது. மூன்று மாதம் கழித்துப் பார்வையில் இருந்த வேறுபாடு, லாக்மார் என்னும் அளவில் −0.009, இடைவெளி −0.085 முதல் 0.068 வரை. இதை நீயே திருப்பிப் போட்டுப் பார். இடைவெளியின் அகலம் 0.153. அதை 3.92-ஆல் வகுத்தால் திட்டப்பிழை 0.039. 0.009-ஐ அதனால் வகுத்தால் இசட் 0.23. அட்டவணையில் வால் பரப்பு 0.409, இரண்டு வாலுக்கும் சேர்த்து 0.82. கட்டுரையில் அச்சான பி-மதிப்பும் அதேதான். இனி இடைவெளியைப் படி. பார்வைப் பலகையில் ஒரு வரி என்பது 0.1 லாக்மார். இடைவெளியின் இரு முனையும் ஒரு வரிக்குள் அடங்கிவிடுகின்றன. ஆக, “சராசரியில் ஒரு வரி அளவுக்குப் பெரிய லாபமோ நட்டமோ இருப்பதாக இந்த விவரம் காட்டவில்லை” என்று எழுதலாம். அதற்கு மேல் ஒரு சொல்லும் கூட்டாதே.

5. பி-மதிப்பு சிறுத்தால் விளைவு பெருத்துவிட்டதென்று எண்ணாதே. பல்லாயிரம் பேரைச் சேர்த்தால் தூசி அளவு வேறுபாடும் 0.05-க்குக் கீழே இறங்கிவிடும். அதனால் ஒவ்வொரு கணக்கிலும் “எவ்வளவு, எந்த அலகில்” என்று எழுது. நேட்டமைசின் சோதனையில் வேறுபாடு 0.18 லாக்மார், இடைவெளி 0.05 முதல் 0.30 வரை, பி-மதிப்பு 0.006. அந்த 0.18 என்பது பலகையில் ஏறத்தாழ இரண்டு வரி. பஸ் போர்டைப் படிக்கிற, ரூபாய் நோட்டை அடையாளம் காண்கிற ஒரு மனிதருக்கு இரண்டு வரி பெரிய விஷயம். எண்ணுக்குப் பின்னால் அந்த மனிதர் தெரியும் வரை விடையை மூடாதே.

6. கொஞ்சமாகத் தெரிந்தால் கொஞ்சமாகப் பேசு. டப்ளின் நகரில் கின்னஸ் மதுபான ஆலையில் வேலை பார்த்த காசெட், கைக்குக் கிடைத்த ஒரு சில அளவீடுகளை வைத்தே முடிவு சொல்ல வேண்டியிருந்தது. அவர் 1908-இல் ‘ஸ்டூடண்ட்’ என்ற புனைபெயரில் எழுதிய கட்டுரையிலிருந்து பிறந்ததுதான் டி-சோதனை. பத்து அளவீடுதான் கையில் என்றால் 1.96 போதாது, 2.262 எடுக்க வேண்டும். இடைவெளி அகலும். அந்த அகலத்தைப் பார்த்து முகம் சுளிக்காதே. குறைவாகத் தெரிந்ததை ஒளிக்காமல் ஒப்புக்கொண்டதன் அடையாளம் அது.

7. ஒரு நல்ல முடிவு கிடைத்ததும் கேள்வியை மூடிவிடாதே. அரவிந்தின் ரஹ்மத்துல்லாவும் உடன் ஆய்வாளர்களும் தமிழகக் கிராமங்களில் 11,619 பச்சிளங் குழந்தைகளிடம் வைட்டமின் ஏ சொட்டைச் சோதித்து 2003-இல் வெளியிட்டார்கள். ஆறு மாதத்துக்குள் நேரும் இறப்பு 22 சதவீதம் குறைந்தது. இடைவெளி 4 முதல் 37 வரை. கண் கலங்க வைக்கிற நல்ல சேதி. ஆனால் அந்த 4-ஐக் கவனி, பூச்சியத்துக்கு எவ்வளவு பக்கத்தில் நிற்கிறது! பிறகு ஹரியானா, கானா, தான்சானியா என மூன்று இடங்களில் பெரிய அளவில் செய்து பார்த்தார்கள். ஹரியானாவில் குறைவு 10 சதவீதம், இடைவெளி பூச்சியத்தையே தொட்டு நின்றது. ஆப்பிரிக்க நாடுகள் இரண்டிலும் பலன் தெரியவில்லை. முதலில் செய்தவர்கள் தவறிவிட்டார்கள் என்று இதற்குப் பொருள் கொள்ளாதே. இடமும் உணவும் உடல்நிலையும் மாறினால் விடை மாறலாம்; தற்செயலும் தன் பங்கைச் செய்யலாம். ஒரு சாட்சி பேசிவிட்டால் வழக்கு முடிந்ததா?

8. எத்தனை முறை தேடினாய் என்பதை மறைக்காதே. ஒன்றுமே இல்லாத இடத்தில் இருபது சோதனைகளைத் தனித்தனியே 5 சதவீத மட்டத்தில் செய்தால், ஒன்றாவது “முக்கியம்” என்று பொய்யாகக் கூவ 64 சதவீத வாய்ப்பு உண்டு. 0.95-ஐ இருபது முறை பெருக்கி 1-இலிருந்து கழித்துப் பார், தெரியும். ஆய்வேட்டுக்காக ஒரு பிள்ளை ஒருமுறை என்னிடம் ஒரு முடிவைக் கொண்டுவந்தது, பி-மதிப்பு 0.04 என்று முகமெல்லாம் பூரிப்பு. மற்ற சோதனைகள் எங்கே என்று கேட்டேன். பையிலிருந்து அத்தனை தாளும் வெளியே வந்தன. எல்லாவற்றையும் சேர்த்தே எழுதச் சொன்னேன். பூரிப்பு வாடியது, ஆய்வேடு உயர்ந்தது. தேடியதைச் சொல்லாமல் கிடைத்ததை மட்டும் சொல்வது அரைப் பொய்.

9. நாளுக்கு இருபது கணக்கை ஓட்டித் தள்ளாதே. இரண்டை முழுசாகச் செய். நத்தம் சாலையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் இருக்கிறது, போய் உட்கார். பதில் பக்கத்தைத் திறக்குமுன் இடைவெளி குறுகலாக வருமா அகலமாக வருமா என்று உத்தேசமாகச் சொல்லிப் பார். கணக்கு முடிந்ததும், புள்ளியியல் படிக்காத உன் அம்மாவுக்குப் புரிகிற மாதிரி ஒரே வாக்கியத்தில் முடிவை எழுது. அதில் யாரைப் பற்றி, எவ்வளவு, எவ்வளவு உறுதியாக என்ற மூன்றும் இருக்க வேண்டும். நாளைக்கு ஒரு மருத்துவரோ அதிகாரியோ நீ எழுதிய அந்த வாக்கியத்தை நம்பி மருந்தை மாற்றுவார், பணத்தை ஒதுக்குவார். உன் தாளை அவர்கள் பிரித்துப் பார்க்க மாட்டார்கள். ஆகையால் அந்த வாக்கியத்தை எழுதும்போது நிதானமாக எழுது.