பாடசாலை நாள் குறைந்தால் அரைப்பேர்தான்



பேர் என்றால் என்ன என்று தோட்டத்தில் யாருக்கும் நாங்கள் சொல்லித்தரத் தேவையில்லை. விடியக்காலை பிரட்டுக்களத்தில் நின்று, மலைக்கு ஏறி, கொழுந்து நிறுத்து, கிலோ சரியாக இருந்தால் ஒரு பேர். குறைந்தால் அரைப்பேர். றப்பர் மலையில் பால் வெட்டுகிறவர்களுக்கும் ஒரு கணக்கு உண்டு. மழை பெய்தால் அந்த நாள் போச்சு. செக்ரோலில் ஒரு பேர் விடுபட்டாலும் சம்பளத்தன்று ஆபீஸ் வாசலில் வந்து நின்று கேட்பீர்கள். கேட்கத்தான் வேண்டும்.

பாடசாலையிலும் ஒரு செக்ரோல் இருக்கிறது. அதை வரவு இடாப்பு என்பார்கள். அந்த மாதம் நம்ம புள்ளைக்கு எத்தனை பேர் விழுந்தது என்று கேட்டுப் பாடசாலை வாசலில் போய் நின்ற பெற்றோரை நாங்கள் விரல் விட்டு எண்ணிவிடலாம். இம்முறை அந்த இடாப்பைப் பற்றித்தான் பேசப்போகிறோம். காசு இல்லை என்று சொல்லி அரசாங்கமே பாடசாலை நாளைக் குறைத்தால் அந்த இடாப்புக்கும் நமது காம்பிராவுக்கும் என்ன நடக்கிறது என்பதுதான் பாடம்.

2022ஆம் வருடம் யாருக்கும் மறந்திருக்காது. மாவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசையில் நின்ற வருடம். அந்த மார்ச் மாதத்தில் கடதாசி இல்லாததால் மேல் மாகாணப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சையை ஒத்திப் போட்டார்கள். ஜூன் மாதம் பெற்றோலும் டீசலும் தீர்ந்துபோய் முதலில் நகரப் பாடசாலைகளை மூடினார்கள். அரசாங்க உத்தியோகத்தர்களுக்கு வெள்ளிக்கிழமை லீவு கொடுத்து, வீட்டில் மரக்கறி நடச் சொன்னதும் அந்த மாதம்தான். (லயத்துக்கு முன்னால் இருக்கிற அந்த நாலடி நிலத்தில் நாம் எத்தனை காலமாக நட்டு வருகிறோம் என்பது வேறு கதை.) ஜூலையில் நாடு முழுக்கப் பாடசாலை மூடியது. ஜூலை 25ஆம் திகதி திரும்பத் திறந்தபோது வாரத்தில் 3 நாள் மட்டும் என்றார்கள்.  ஆகஸ்ட் 15ஆம் திகதியில் இருந்துதான் பழையபடி 5 நாள் ஆனது.

"மூணு வாரம்தானே ஐயா, அதுக்கு என்னா இப்ப?" என்று கேட்கலாம். அதற்கு முன்னால் நடந்ததையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கொரோனாவுக்காக 2020 மார்ச்சில் மூடிய பாடசாலைகள் திறந்தும் மூடியுமாகக் கிடந்தன. 200 பிள்ளைகளுக்குக் குறைந்த பாடசாலைகளின் ஆரம்ப வகுப்புகள் 2021 ஒக்டோபர் 21ஆம் திகதிதான் திரும்பத் திறந்தன. நமது தோட்டப் பாடசாலைகள் பல அந்தக் கணக்கில் வருகிறவை. 2020 தையில் முதலாம் ஆண்டில் சேர்ந்த பிள்ளை 2022 ஆகஸ்டில் மூன்றாம் ஆண்டில் இருந்தது. அந்தப் பிள்ளைக்கு அதுவரை ஒரு வருடம்கூட முழுசாகப் பாடசாலை நடந்ததில்லை. போன் இருந்த வீட்டில் சிக்னல் இல்லை, சிக்னல் இருந்த இடத்தில் போனுக்குப் போடக் காசில்லை. அப்படி வந்த பிள்ளைக்குத்தான் வாரத்தில் இன்னும் 2 நாள் குறைந்தது.

இப்போது கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். நமது நாட்டில் பாடசாலை வருடம் சுமார் 200 நாள். வாரம் 5 நாளுக்குப் பதில் 3 நாள் என்றால் அது 120 நாள் ஆகிவிடும். ஒரு வருடத்தில் 80 நாள் நட்டம். ஒன்றாம் ஆண்டில் இருந்து ஐந்தாம் ஆண்டு வரைக்கும் அப்படியே போனால் 400 நாள். அதாவது இரண்டு முழு வருடம். ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சைக்கு உட்காருகிற பிள்ளை மூன்றாம் ஆண்டுப் படிப்போடு உட்கார்ந்த மாதிரி. 2022இல் அது மூன்று வாரத்தோடு நின்றது. ஆனால் அரசாங்கம் நாளைக் குறைக்காவிட்டாலும், வாரத்தில் 2 நாள் பிள்ளையை மறிக்கிற வீட்டுக்கு இந்தக் கணக்கு இன்றைக்கும் அப்படியே பொருந்தும்.

நாளைக் குறைத்தால் உண்மையில் எவ்வளவு மிச்சமாகும்? பாடசாலைக்கு ஒதுக்கும் காசில் பெரும்பங்கு ஆசிரியர் சம்பளத்துக்குப் போகிறது. 2022இல் நாள் குறைந்தது, சம்பளம் குறையவில்லை. குறைக்கவும் கூடாது. மிச்சமானது போக்குவரத்துக்கு வேண்டிய எரிபொருள்தான். அமெரிக்காவிலும் பல கிராமப்புறப் பாடசாலைகள் செலவைக் குறைக்க வாரம் 4 நாளாக மாறின. அங்கே கணக்குப் பார்த்தவர்கள் கண்டது, மொத்தச் செலவில் நூற்றுக்கு 0.4இல் இருந்து 2.5 வரைதான் மிச்சம் என்று. பஸ், சாப்பாடு, மின்சாரம் இவ்வளவுதான் குறையும். அத்தோடு, மற்ற 4 நாளையும் நீட்டி நேரத்தை ஈடுகட்டாத இடங்களில் பிள்ளைகளின் கணக்கும் வாசிப்பும் இறங்கியிருந்தது.

பெரிதாக மிச்சம் பிடிக்க வேண்டும் என்றால் சம்பளத்தில்தான் கைவைக்க வேண்டும். ஹவாய்த் தீவுகளில் அதைத்தான் செய்தார்கள். ஒருகாலத்தில் கரும்புத் தோட்டங்களால் பேர்போன இடம் அது. அங்கேயும் கூலிக்கு ஆள் கப்பலில்தான் வந்து இறங்கினார்கள். 2009 - 2010 பாடசாலை வருடத்தில் பணம் போதாமல் 17 வெள்ளிக்கிழமைகள் அரசாங்கப் பாடசாலைகளை மூடினார்கள். ஆசிரியர் சம்பளத்தில் நூற்றுக்கு 8 அளவில் வெட்டு. பாடசாலை வருடம் 163 நாளாகி, அமெரிக்காவிலேயே மிகக் குறைந்த நாள் என்று ஆனது. வெள்ளிக்கிழமை பிள்ளையை யாரிடம் விடுவது என்று தெரியாத தாய் தகப்பன்மார் ஆளுநரின் காரியாலயத்திலேயே போய் உட்கார்ந்துவிட்டார்கள். அடுத்த வருடம் நாட்களைத் திருப்பிக் கொடுக்க வேண்டி வந்தது.

நமது பக்கத்துக்கு வருவோம். திங்கட்கிழமை பாடசாலை இல்லை என்றால் அன்றைக்குச் செலவு இல்லாமல் போவதில்லை. அது கல்விக் கந்தோரில் இருந்து இறங்கி லயத்துக்கு வருகிறது. 5 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளையைப் பிள்ளைக் காம்பராவில் விடலாம். 7 வயதுப் பிள்ளையை எங்கே விடுவது? அப்பாயி, அம்மாயி இருந்தால் பார்த்துக்கொள்வார்கள். இல்லாத வீட்டில் தாய் வேலைக்குப் போகாமல் நிற்க வேண்டும். 2022இல் ஒரு பேருக்கு 1000 ரூபாய். வாரத்தில் 2 நாள் நின்றால் 2000 ரூபாய் போகும். நிற்க முடியாதவர்கள் காம்பிராவைப் பூட்டி, மூத்த பெண்பிள்ளையிடம் சின்னதை ஒப்படைத்துவிட்டுப் போனார்கள். அந்த மூத்த பிள்ளைக்கு வயது 11, 12 இருக்கும். பாடசாலையில் கொடுக்கிற சாப்பாடும் பாடசாலை நடக்கிற நாளுக்கு மட்டும்தான். அந்த வருடம் செப்டம்பர் மாதம் கொழும்பு விலைக் கணக்கில் சாப்பாட்டுச் சாமான் ஒரு வருடத்துக்குள் நூற்றுக்கு 94.9 ஏறியிருந்தது. அப்படிப்பட்ட நேரத்தில் ஒரு பகல் சாப்பாடு சின்ன விசயமா?

இந்த இடத்தில் எங்கள் பிழையையும் சொல்லிவிட வேண்டும். கல்வி அமைச்சு சொன்னது, மற்ற இரண்டு நாளும் பிள்ளை வீட்டில் இருந்தபடி படிக்க வேண்டும் என்று. நாங்கள் பிரட்டில் நின்று அறிவித்தது எப்படித் தெரியுமா? "வாரத்துல மூணு நாள் ஸ்கூல் இருக்கு. மத்த ரெண்டு நாளும் லீவு." லீவு என்ற அந்த ஒரு சொல்லை நாங்கள் சொல்லியிருக்கக் கூடாது. தோட்டத்தில் லீவு என்றால் லீவுதான். அன்றைக்குப் புத்தகத்தைத் தொடுகிற பழக்கம் எங்கே இருக்கிறது? அதைவிடப் பெரிய பிழை, ஆகஸ்ட் 15இல் இருந்து 5 நாளும் பாடசாலை என்பதை நாங்கள் அதே மாதிரி பிரட்டில் நின்று சத்தமாகச் சொல்லவில்லை. பாடசாலையில் சொல்லிவிடுவார்கள் என்று இருந்துவிட்டோம்.

செப்டம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை காலை 9 மணிக்கு லயத்துப் பக்கம் போனபோது நாலாம் ஆண்டுப் பிள்ளை ஒன்று வாசலில் தம்பியைத் தூக்கிக்கொண்டு நின்றது. ஏன் ஸ்கூலுக்குப் போகலை என்று கேட்டோம். உள்ளே இருந்து தாயின் சத்தம் வந்தது, "இன்னிக்கு வெள்ளிக்கிழமைதானுங்களே ஐயா." அந்தத் தாயை நாங்கள் என்ன சொல்ல முடியும்? எங்கள் வாயில் இருந்து போன சொல்தானே.

இரத்தினபுரிப் பக்கத்தில் இன்னொன்றும் இருக்கிறது.  தோட்டத்துக்கு அடுத்தாற்போல் மாணிக்கக் குழி. பாடசாலை இல்லாத இரண்டு நாளும் சும்மா திரிந்த பையன்மாரைக் குழியடிக்கு மண் இழுக்கவும் இல்லம் கழுவவும் கூட்டிக்கொண்டு போனார்கள். எங்களுக்குத் தெரிந்த எட்டாம் ஆண்டுப் பையன் ஒருவன் முதலில் அந்த இரண்டு நாள் மட்டும் போனான். கையில் கொஞ்சம் காசு வந்தது. வீட்டிலும் அந்தக் காசுக்கு வேலை இருந்தது, பொய் சொல்லக் கூடாது. பிறகு பாடசாலை நாளிலும் போனான். நாங்களும் வகுப்பு ஆசிரியையும் மூன்று தடவை வீட்டுக்குப் போய்ப் பேசினோம். 16 வயது வரை பாடசாலைக்கு அனுப்புவது கட்டாயம், 16க்குக் குறைந்த பிள்ளையை வேலைக்கு வைப்பது குற்றம் என்று சட்டத்தையும் சொன்னோம். தகப்பன் தலையை ஆட்டினார். அந்த வருடக் கடைசியில் இடாப்பில் அவன் பெயருக்கு மேலே சிவப்புக் கோடு விழுந்தது.

வெள்ளிக்கிழமை தம்பியைத் தூக்கிக்கொண்டு நின்ற அந்தப் பிள்ளை பாடசாலைக்குத் திரும்பிவிட்டது. இப்போதும் போகிறது.

நாளைக் குறைப்பது அரசாங்கம் மட்டும் என்று நினைக்க வேண்டாம். சபரகமுவையில் நமது தமிழ்ப் பாடசாலைகள் சிங்களக் கிராமங்களுக்கு இடையில் ஒன்று இங்கே, ஒன்று அங்கே என்று சிதறிக் கிடக்கின்றன. தெரணியகலை, யட்டியாந்தோட்டை, இறக்குவானை மேல்மலைகளுக்கு ஆசிரியர்கள் தூரத்தில் இருந்து வருகிறார்கள். திங்கட்கிழமை பஸ் பிந்தும், வெள்ளிக்கிழமை பஸ்ஸுக்காக நேரத்தோடு கிளம்ப வேண்டி வரும். அவர்கள் கஷ்டமும் நமக்குத் தெரியும். எங்கள் பகுதித் தோட்டம் ஒன்றில் வெறுமையாகக் கிடந்த குவாட்டர்ஸ் ஒன்றைத் துரையிடம் பேசி, சுண்ணாம்பு அடித்து, மூன்று ஆசிரியைமாருக்குக் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு அங்கே வெள்ளிக்கிழமையும் கடைசி மணிவரை பாடம் நடக்கிறது. சம்பள நாள், திருவிழா, தேர் என்று நாமும் நம்ம பங்குக்கு நாளைக் குறைக்கிறோம். கொழுந்து அதிகமாக வருகிற மாதத்தில் மூத்த பிள்ளையை மறிக்கிறோம். தோட்டப் பாடசாலைகள் தோட்டத்து நிர்வாகத்தின் கையில் இருந்த காலத்தில் ஒரே வாத்தியார், ஒரே அறை, அரைநேரப் படிப்பு. 1945இல் நாட்டுக்கு வந்த இலவசக் கல்வி, 1970களின் கடைசியில் அரசாங்கம் பாடசாலைகளைப் பொறுப்பேற்கும் வரை நமக்கு ஒழுங்காக வந்து சேரவில்லை. அவ்வளவு பிந்திக் கிடைத்த நாட்கள் இவை.

இந்த நாடு மொத்த உற்பத்தியில் நூற்றுக்கு 2கூட கல்விக்குச் செலவழிக்காமல் பல வருடங்கள் ஓட்டியிருக்கிறது. 4இல் இருந்து 6 வரை வேண்டும் என்பது உலக நாடுகள் 2015இல் ஒத்துக்கொண்ட அளவு. ஆகவே நாள் குறைக்கிற பேச்சு இன்னொரு தடவை வரலாம். வந்தால் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தில் உட்கார்ந்து கேட்க வேண்டியதைக் கேளுங்கள். முதலாவது, ஆரம்ப வகுப்புகளுக்கு 5 நாளும் வேண்டும். நடந்து வருகிற பிள்ளைக்கும் பக்கத்துத் தோட்டத்து ஆசிரியைக்கும் டீசல் தேவையில்லை. குறைக்கத்தான் வேண்டும் என்றால் மற்ற நாட்களில் நேரத்தைக் கூட்டச் சொல்லுங்கள். பாடசாலை இல்லாத நாளிலும் அந்தச் சாப்பாடு கிடைக்க வழி கேளுங்கள். பிள்ளைகள் ஒன்றாக உட்கார்ந்து படிக்க இடம் இல்லை என்றால் வாசிகசாலையையோ கோயில் மண்டபத்தையோ திறந்துவிட நாங்கள் ஏற்பாடு செய்வோம். படித்த இளைஞர்கள் தோட்டத்தில் இருக்கிறார்கள். கேட்டால் வருவார்கள். எந்தத் திகதியில் முடியும் என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். திருப்பி 5 நாள் ஆகும் அன்றைக்கு அதைப் பிரட்டில் சத்தமாக அறிவிப்பது எங்கள் வேலை. இந்தத் தடவை மறக்க மாட்டோம்.

தவணை முடிவில் பிள்ளை கொண்டுவருகிற தேர்ச்சி அறிக்கையில் மார்க்ஸை மட்டும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள். பாடசாலை நடந்த நாள் எத்தனை, பிள்ளை வந்த நாள் எத்தனை என்று அதில் எழுதியிருக்கும். வாசிக்கத் தெரியாவிட்டால் பிள்ளையையே வாசிக்கச் சொல்லுங்கள். இரண்டுக்கும் இடையில் 10 நாளுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் அந்த அறிக்கையை எடுத்துக்கொண்டு எங்களிடம் வாருங்கள். சம்பள நாளாக இருந்தாலும் பரவாயில்லை.