முட்டைக் கோழிக்கு விளக்கு வைப்பது ஏன்?

கார்த்திகை, மார்கழி மாதங்களில் தீவனம் குறையாமல் கொடுத்தும் முட்டை குறைந்துவிட்டது என்று கோழி வளர்ப்போர் கூறுவதுண்டு. கொட்டகையில் விளக்குப் போட்டால் முட்டை கூடும் என்பதும் அவர்கள் அறிந்ததே. இரவில் கோழி கூடுதலாகத் தீவனம் எடுப்பதால்தான் முட்டை கூடுகிறது என்று சிலர் எண்ணுகின்றனர். உண்மைக் காரணம் கோழியின் மூளையில் இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டால் விளக்கை முறையாகப் பயன்படுத்தலாம்.

மூளையே ஒளியை உணரும்

கோழி கண்ணால் மட்டும் ஒளியை உணர்வதில்லை. அதன் மண்டையோடு மெல்லியது. ஒளி அதனூடே புகுந்து மூளையின் அடிப்பகுதியான ஹைப்போதலாமஸை எட்டுகிறது. ஒளியை உணரும் செல்கள் அங்கே உள்ளன. பார்வை இழந்த வாத்துகளும் ஒளிக்கேற்ப இனப்பெருக்கத்துக்குத் தயாராவதை 1930-களிலேயே பிரான்சு நாட்டு விஞ்ஞானி பென்வா கண்டறிந்தார்.

மரபணு என்னும் மடை

உடலின் செல்களில் ஆயிரக்கணக்கான மரபணுக்கள் உள்ளன. ஏரியின் எல்லா மடைகளையும் ஒரே நேரத்தில் திறப்பதில்லை அல்லவா? அதுபோல மரபணுக்களும் தேவையான வேளையில் மட்டுமே வேலை செய்கின்றன. சில மரபணுக்கள் ஏறத்தாழ 24 மணிக்கு ஒருமுறை மாறிமாறித் திறந்து மூடுகின்றன. இதுவே உடலின் கடிகாரம். பழ ஈயில் இதன் இயக்கத்தைக் கண்டறிந்த மூன்று அமெரிக்க விஞ்ஞானிகளுக்கு 2017-இல் நோபல் பரிசு கிடைத்தது. இக்கடிகாரத்தை நாள்தோறும் சரிசெய்வது வெளிச்சமே.

பகல் நீண்டால் நடப்பதை ஜப்பானியக் காடையில் ஆராய்ந்து, யோஷிமுரா குழுவினர் 2008-இல் வெளியிட்டனர். நீண்ட பகலின் முதல் நாளிலேயே, விடிந்து சுமார் 14 மணி நேரத்தில், பிட்யூட்டரி சுரப்பியின் ஒரு பகுதியில் குறிப்பிட்ட மரபணு விழிக்கிறது. அதனால் உண்டாகும் ஹார்மோன் ஹைப்போதலாமஸில் மற்றொரு மரபணுவைத் தூண்டுகிறது. அங்கே தைராய்டு ஹார்மோன் வீரியம் பெறுகிறது. இதன் தொடர்ச்சியாகவே இனப்பெருக்க ஹார்மோன்கள் சுரக்கின்றன.

கோழி தினமும் சற்றுத் தாமதித்து முட்டையிட்டு, பிறகு ஒருநாள் விட்டுவிடுவதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு முட்டை உருவாக 24 முதல் 26 மணி நேரம் ஆகிறது. மஞ்சள் கருவை விடுவிக்கும் ஹார்மோன் பொங்குவதற்கோ இரவின் சில மணி நேரத்தை மட்டுமே கடிகாரம் அனுமதிக்கிறது. அந்நேரம் தவறினால் மறுநாள்தான்.

செய்ய வேண்டியவை

நம் பகுதியில் மார்கழிப் பகல் சுமார் பதினொன்றரை மணி நேரம். ஆனியில் பன்னிரண்டே முக்கால். முட்டைக் கோழிக்கு நாளொன்றுக்கு 16 மணி நேரம் வெளிச்சம் வேண்டும்.

1. வளர்பருவக் கோழிகளுக்கு வெளிச்ச நேரத்தைக் கூட்டக் கூடாது. உடல் வளருமுன் முட்டையிடத் தொடங்கினால் முட்டை சிறுக்கும். கருக்குழல் பிதுங்கவும் கூடும்.

2. முட்டையிடத் தொடங்கும் பருவத்தில் வாரத்துக்கு அரைமணி நேரம் வீதம் கூட்டவும். இயற்கைப் பகல் 12 மணி என்றால், 8 வாரங்களில் 16 மணியை எட்டலாம்.

3. முட்டையிடும் காலத்தில் வெளிச்ச நேரத்தைக் குறைக்கவே கூடாது. குறைந்தால் முட்டை குறைந்து, கோழி இறகு உதிர்க்கத் தொடங்கும்.

4. விளக்கு எரியும் நேரம் நாள்தோறும் மாறக் கூடாது. காலை 4 மணி முதல் விடியும் வரையும், மாலை இருட்டியதிலிருந்து 8 மணி வரையும் எரியலாம். மறதிக்கு இடமின்றி டைமர் பொருத்துவது நல்லது. மின்தடை உள்ள ஊர்களில் பேட்டரி விளக்கைத் தயாராக வைத்திருக்கவும்.

5. கண்ணைக் கூசும் வெளிச்சம் தேவையில்லை. 100 சதுர அடிக்கு, 7 அடி உயரத்தில், பழைய 40 வாட் பல்பின் ஒளி போதும். எல்.இ.டி. பல்பு என்றால் 5 அல்லது 6 வாட். செம்மஞ்சள் ஒளி மண்டையோட்டை எளிதில் ஊடுருவும் என்பதால் அந்நிறமே ஏற்றது. வாரம் ஒருமுறை பல்பின் தூசியைத் துடைக்கவும்.

6. இரவு முழுவதும் விளக்கை எரிய விட வேண்டாம். கடிகாரம் ஒழுங்காக ஓட 8 மணி நேர இருளும் தேவை.

விளக்கு தீவனத்துக்கு மாற்றாகாது. முட்டை கூடும்போது புரதமும் சுண்ணாம்புச் சத்தும் கூட வேண்டும். இல்லையேல் ஓடு மெலியும். பல்பைப் பெரிதாக்குவதைவிட, நேரம் தவறாமல் ஏற்றி அணைப்பதே முட்டையைக் காக்கும்.