பிழைப்பதிவும் அந்தரங்கக் காவலும்

வைத்தியரிடம் நோயை ஒளித்தல் ஆகாது. அதற்காக அதனைச் சந்தையில் நின்று உரைத்தலும் வேண்டா. கணினியின் கோளாற்றைப் பிறருக்கு எடுத்துரைக்கும்போதும் இந்நெறியே பொருந்தும்.

இயங்கிக்கொண்டிருக்கும் மென்பொருள் திடீரென நின்றுவிடுமாயின், நின்ற நேரம், பிழையின் குறியீடு, கையாண்ட கோப்புக்கள் முதலியன ஒரு பதிவாக எழுதப்படுவதுண்டு. இதனையே பிழைப்பதிவு என்கின்றோம். ஊர்காவற்றுறையிலோ நெடுந்தீவிலோ நயினாதீவிலோ இருக்கும் மாணாக்கர், அருகில் வல்லுநர் இல்லாதவிடத்து, இதனை இணையத்தில் இட்டு முகமறியாதாரிடம் உதவி வேண்டுதல் இயல்பே.

ஆயின் அப்பதிவில் இருப்பது பிழை மாத்திரமன்று. விண்டோஸ் கணினியில் கோப்பின் இருப்பிடத்தைக் காட்டும் வரியில், 'யூசர்ஸ்' என்பதையடுத்துப் பயனாளரின் பெயர் வருவதுண்டு. தந்தை பெயரும் ஊரும் உடன்வரின், சிறிய தீவில் ஆளை அறிதற்கு வேறென்ன வேண்டும்? சில மென்பொருள்கள் படிவத்தில் நிரப்பியவற்றையும் பதிவிற் சேர்த்துவிடும். தேசிய அடையாள அட்டை எண் அதில் அகப்படின் கேடு பெரிது. 12 இலக்கங்கள் கொண்ட புதிய எண்ணில் முதல் 4 இலக்கங்கள் பிறந்த ஆண்டையும், அடுத்த 3 இலக்கங்கள் பிறந்த நாளையும் காட்டும். பெண்களுக்கு 500 கூட்டப்படும். அவ்விடத்தில் 032 எனின் பெப்ரவரி 1 ஆம் நாள் பிறந்த ஆண். 532 எனின் அதே நாளிற் பிறந்த பெண்.

இது வீண் அச்சமன்று. நிறுவனங்களுக்கு நுழைவுச் சேவை வழங்கும் ஒக்டா என்னும் அமெரிக்க நிறுவனத்தின் உதவிப் பிரிவினுள் 2023 இல் அயலார் புகுந்தனர். கோளாற்றை விளக்குதற்கு வாடிக்கையாளர் அனுப்பிய உலாவிப் பதிவுகள் அங்கிருந்தன. 134 வாடிக்கையாளரின் கோப்புக்கள் அவர் கைக்கு எட்டின. அவற்றிலிருந்த நுழைவுச் சாவிகளைக் கொண்டு 5 வாடிக்கையாளரின் அமர்வுகள் கைப்பற்றப்பட்டன. நம்பிக்கையான இடத்திற்கு அனுப்பியதற்கே இக்கதி எனின், பொதுவெளியில் இடுவதைப்பற்றிக் கூறவும் வேண்டுமோ?

ஆதலின், அனுப்புமுன் பதிவை முழுவதும் வாசித்தல் வேண்டும். பெயர், மின்னஞ்சல், தொலைபேசி எண், இணைய முகவரி, கடவுச்சொல், நுழைவுச் சாவி ஆகியவற்றை நீக்குக. ஒரு பெயருக்குப் பதிலாக எங்கும் ஒரே மாற்றுச்சொல்லை இடின், உதவுவோர்க்கு வாசிப்புத் தடைப்படாது. நேரம், பிழைக்குறியீடு, மென்பொருளின் பதிப்பெண் ஆகியன அவர்க்குத் தேவை, அவற்றை விட்டுவைக்க. கணினியின் நினைவகத்தை அவ்வாறே படியெடுத்த கோப்பைக் கையாற் தூய்மைசெய்தல் அரிது. அதனைப் பொதுவெளியில் இடவே கூடாது. தவறி வெளியிட்டோர் அதனை அழிப்பதோடு அமையாது, கடவுச்சொல்லை மாற்றி எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறுதல் வேண்டும்.

ஆசிரியர்களுக்கும் ஒரு சொல்: பாடசாலைக் கணினியின் பதிவில் இருப்பவை பிறர் பிள்ளைகளின் பெயர்கள். தனிப்பட்ட தரவுகளைக் காத்தற்கென 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டமும் இந்நாட்டில் இயற்றப்பட்டுள்ளது. கடல்கடந்து வாழும் பழைய மாணவர்களும், ஊரிலிருந்து உதவி கேட்டு வரும்போது, வேண்டிய வரிகளை மாத்திரம் கேட்டுப் பெறுவாராக. கோளாறு தீர்தல் நன்று. அதன்பொருட்டு ஒரு குடும்பத்தின் அந்தரங்கம் விலையாதல் நன்றன்று.