பழைய மாதிரியோ, புதிய மாதிரியோ?

பொருள் ஈட்டுதல் அரிது. ஈட்டிய பொருளை ஆராய்ந்து செலவிடுதல் அதனினும் அரிது. ஒரே பெயருடைய இரு பண்டங்கள் கடையில் அருகருகே வைக்கப்பட்டு, ஒன்று பழைய அமைப்பினதாய் விலை குறைந்தும், மற்றொன்று திருந்திய அமைப்பினதாய் முழு விலையிலும் நிற்குமாயின், வாங்க வந்தவனது உள்ளம் ஊசலாடுதல் இயல்பு. மலிவைக் கண்டு மயங்குவோன் ஒருபுறம். புதுமையைக் கண்டு மயங்குவோன் மறுபுறம். இவ்விருவரும் ஆராய்ந்து முடிவு செய்தவரல்லர். சிறு பண்டங்களில் இம்மயக்கம் பெருந்தீங்கு விளைப்பதன்று. ஒரு குடும்பத்தின் பல ஆண்டுச் சேமிப்பை ஒரே நாளில் விழுங்கவல்ல மோட்டார் வண்டியிலோ, அதிலும் மின்சாரத்தால் ஓடும் வண்டியிலோ, அஃது ஆண்டுக்கணக்கில் வருத்தும். ஆதலின், அமெரிக்க நாட்டில் உண்மையாக நிகழ்ந்த ஓர் உதாரணத்தைக் கொண்டு, இத்தகைய தேர்வைச் செய்யும் முறை யாதென்பதைச் சிறிது ஆராய்வோம்.

பெட்ரோல் வண்டிக்கும் மின்வண்டிக்கும் உள்ள வேற்றுமையை முதற்கண் அறிதல் வேண்டும். பெட்ரோல் வண்டியின் தொட்டி சிறிதாயினும் குறையில்லை. வழியிற் சில நிமிஷங்களில் மீண்டும் நிரப்பிக்கொள்ளலாம். மின்வண்டியிலோ மின்கலமே அதன் தொட்டி. அதுவே வண்டியின் விலையிற் பெரும்பகுதி. நாளடைவில் தேய்ந்து கொள்ளளவு குறைவதும் அதுவே. மின்கலத்தின் கொள்ளளவைக் கிலோவாட்-மணி என்னும் அலகால் அளப்பர். நூறு வாட் விளக்குகள் பத்து ஒரு மணி நேரம் எரிவதற்கு வேண்டும் சக்தி ஒரு கிலோவாட்-மணி ஆகும். ஆகவே, மின்வண்டியின் புதிய மாதிரியொன்று வெளிவந்தால், அதன் வடிவமும் வர்ணமும் எவ்வாறு மாறின என்பது பெரிதன்று. மின்கலம் எவ்வாறு மாறிற்று என்பதே பெரிது.

இனி உதாரணத்திற்கு வருவோம். ஜப்பான் தேசத்து நிஸான் கம்பெனியார் 2010ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் லீஃப் என்னும் மின்வண்டியை விற்கத் தொடங்கினர். லீஃப் என்னும் ஆங்கிலச் சொல் இலை எனப் பொருள்படும். அமெரிக்காவில் விற்கப்பட்ட முதல் வண்டியின் மின்கலம் 24 கிலோவாட்-மணி; அந்நாட்டு அரசாங்கச் சோதனையின்படி ஒருமுறை நிரப்பினால் அது செல்லும் தூரம் 73 மைல். 2017ஆம் ஆண்டு மாதிரியில் மின்கலம் 30 கிலோவாட்-மணியாகவும் தூரம் 107 மைலாகவும் உயர்ந்திருந்தன. அவ்வாண்டு செப்டம்பர் மாதத்தில் முற்றும் திருத்திய இரண்டாம் தலைமுறை வண்டியை அக்கம்பெனியார் வெளிப்படுத்தினர். அதன் மின்கலம் 40 கிலோவாட்-மணி. தூரம் 151 மைல். யந்திரத்தின் வலி 80 கிலோவாட்டிலிருந்து 110 கிலோவாட்டாக ஏறிற்று. அமெரிக்காவில் பழையதன் தொடக்க விலை 30,680 டாலர். புதியதன் தொடக்க விலை 29,990 டாலர். ஏறிய தரத்திற்கு விலை ஏறாதது மட்டுமன்று, 690 டாலர் இறங்கவும் செய்தது. ஆனால் அதே 2017இல், மின்சாரக் கம்பெனிகள் பலவற்றின் வாடிக்கைக்காரர்க்குப் பழைய வண்டி 10,000 டாலர் தள்ளுபடியில் கிடைத்தது. வாங்குவோன் இவற்றுள் எதனைக் கொள்வது?

முதலாவது, தள்ளுபடியை எதனோடு ஒப்பிடுவது என்று தெளிதல் வேண்டும். விற்போன் அதனைப் பழைய வண்டியின் பழைய விலையோடு ஒப்பிட்டுக் காட்டுவான். அவ்விலையோ, புதிய வண்டி வெளிப்பட்ட அன்றே பொருளற்றதாயிற்று. அதனினும் சிறந்தது அதனினும் குறைந்த விலைக்கு வருகின்றதன்றோ? ஆகவே, தள்ளுபடி போன பழையதன் விலையாகிய 20,680 டாலரைப் புதியதன் விலையாகிய 29,990 டாலரோடு ஒப்பிடுதலே முறை. உண்மையான வேற்றுமை 9,310 டாலர். இத்தொகை கொடுத்து வாங்குவோன் அதிகமாகப் பெறுவது 44 மைல் தூரம். அஃதாவது, மைல் ஒன்றுக்கு ஏறக்குறைய 212 டாலர். யந்திரத்தின் வலியும் பிற வசதிகளும் உடன் வருவன.

இரண்டாவது, இரு வண்டிக்கும் பொதுவாயுள்ள சலுகையை வேற்றுமையிற் சேர்த்தலாகாது. அக்காலத்து அமெரிக்க அரசாங்கம் மின்வண்டி வாங்கினோர்க்கு வருமான வரியில் 7,500 டாலர் வரை கழிவு கொடுத்தது. (இச்சலுகை 2025ஆம் ஆண்டு செப்டம்பர் 30ஆம் நாளோடு முடிவுற்றது.) இக்கழிவு கையில் தரும் ரொக்கமன்று, செலுத்தவேண்டிய வரியினின்றும் கழிப்பது. 4,000 டாலர் மட்டும் வரி கடமைப்பட்ட ஓர் உபாத்தியாயர்க்கு அது 4,000 டாலரே. அவர் பழையதைக் கொண்டால் 16,680 டாலரும், புதியதைக் கொண்டால் 25,990 டாலரும் அவர் கைப்பொருளினின்று போகும். இடையே நிற்பது அதே 9,310 டாலர்தான். பொதுச் சலுகை ஒருவனது ஆற்றலுக்கு எட்டுமா என்பதைக் காட்டுமேயன்றி, எது நலம் என்பதைக் காட்டமாட்டாது.

மூன்றாவதும் முதன்மையானதும் தேவை. தேவையை இன்றைய நிலை கொண்டு அளத்தல் போதாது. வண்டி முதிர்ந்த காலத்தில், குளிர்மிக்க நாளில், அது செய்யவேண்டிய வேலையைக் கொண்டு அளத்தல் வேண்டும். மின்கலம் தேய்ந்து நூற்றுக்கு முப்பது பங்கு இழந்தது என்று வைத்துக்கொள்வோம். குளிர்காலத்தில் வண்டியினுள் வெப்பமூட்டுவதற்கும் மின்சாரமே செலவாதலால், எஞ்சியதில் மூன்றில் ஒரு பங்கு போயிற்று என்றும் கொள்வோம். இவை வேண்டுமென்றே கடுமையாகக் கொண்ட அளவைகள். இக்கணக்கின்படி பழைய வண்டியின் 107 மைல் ஏறக்குறைய 50 மைலாகச் சுருங்கும். புதிய வண்டியின் 151 மைல் ஏறக்குறைய 70 மைலாகச் சுருங்கும். நாடோறும் வேலைக்குச் சென்று மீள 40 மைல் ஓடி, இரவில் வீட்டில் மின்னேற்றிக்கொள்ளும் ஒருவர்க்குப் பழைய வண்டி அதன் முதுமையிலும் போதும். அவர் புதியதற்காகக் கொடுக்கும் 9,310 டாலர் பயன்படாத தூரத்திற்குக் கொடுத்த விலையேயாம். நாடோறும் 60 மைல் ஓடவேண்டியவர்க்கோ, பழைய வண்டி இன்று இனிதே ஓடினும், சில ஆண்டுகள் கழித்து மாரிக்காலத்து மாலையொன்றில் வழியில் நின்றுவிடும். அவர்க்கு மலிவான வண்டி மலிவன்று. ஒருமுறை வாங்கவேண்டியதை இருமுறை வாங்கச்செய்வதாம். ஒரே தள்ளுபடி ஒருவர்க்கு ஊதியமாகவும் மற்றவர்க்கு இழப்பாகவும் முடிதலை இதனால் அறிக.

நான்காவது, குற்றங்களை ஆராய்தல். பழைய மாதிரியின் குறைகள் பலர் கையிற் பயின்று வெளிப்பட்டவை. புதிய மாதிரியின் குறைகள் இனிமேல் வெளிப்படவேண்டியவை. லீஃப் வண்டியின் முதல் இரு தலைமுறைகளிலும் மின்கலத்தைத் திரவத்தாற் குளிர்விக்கும் ஏற்பாடு இல்லை. அதனால் 2012ஆம் ஆண்டிலேயே அரிஸோனா மாகாணத்துப் பீனிக்ஸ் நகரின் கடும் வெயிலில் ஓடிய வண்டிகள் சில எதிர்பாராத விரைவில் கொள்ளளவு இழந்தன என்னும் முறையீடு எழுந்தது. அதன்பின் கம்பெனியார் கொள்ளளவுக்கும் பிணையம் கொடுக்கலாயினர். 30 கிலோவாட்-மணி மின்கலத்திற்கு அப்பிணையம் 8 ஆண்டு அல்லது 100,000 மைல். அளவுகாட்டியின் 12 கோடுகளில் 9 கோட்டுக்குக் கீழே அக்காலத்துள் இறங்குமாயின் அவர்களே சீர்ப்படுத்தித் தருவர். புதிய வண்டியும் குற்றமற்றதாய் வரவில்லை. நெடும்பயணத்தில் அடுத்தடுத்து விரைவு மின்னேற்றம் செய்தால், மின்கலம் சூடேறி, மின்னேற்றம் மிகவும் மந்தமாவதை 2018இல் அதனை வாங்கினோர் கண்டனர். எனவே, புதியது என்னும் ஒரே காரணத்தால் குறையற்றது என்று நம்புதலும், பழையது என்னும் ஒரே காரணத்தால் தேறியது என்று நம்புதலும் ஒருங்கே பிழையாம். வெயில் மிக்க ஊரினர் இவ்விரண்டினுள் எதனைக் கொண்டாலும் அக்குறை அவரைத் தொடர்ந்தே வரும். அதன்பொருட்டுப் புதியதற்கு அதிக விலை கொடுப்பதில் நியாயமில்லை.

ஐந்தாவது, வைத்திருக்கும் காலம். புதிய மாதிரி வந்தபின் பழைய மாதிரியின் மறுவிற்பனை விலை விரைந்து சரியும். மூன்றாண்டில் விற்றுவிடக் கருதுவோன் இன்று பெறும் தள்ளுபடியின் ஒரு பகுதியை அன்று திருப்பிக் கொடுத்தேயாகவேண்டும். பத்தாண்டு வைத்து ஓட்டக் கருதுவோனுக்கோ இரு வண்டியும் ஈற்றில் சொற்ப விலையினவே. ஆகவே தள்ளுபடி பெரும்பாலும் அவன் கையிலேயே நிற்கும்.

இன்னும் சிலர், "பொறுத்திருந்தால் இதனினும் சிறந்தது வருமே" என்பர். வருவது உண்மைதான். 2018இல் 40 கிலோவாட்-மணி வண்டி வாங்கினோர், மறு ஆண்டே 62 கிலோவாட்-மணி மின்கலத்தோடு 226 மைல் செல்லும் வண்டி அதே பெயரால் வெளிவரக் கண்டனர். கரையில் நின்று அலை ஓயட்டும் என்று காத்திருப்போன் நீராடுவதில்லை. காத்திருத்தலுக்கும் விலை உண்டு. பழைய வண்டியின் பெட்ரோலும் பழுதுபார்ப்பும் அவ்விலை. வரப்போகும் பொருள் இன்ன நாளில் இன்ன விலைக்கு வரும் என்று உறுதியாகத் தெரிந்தவிடத்துக் காத்திருத்தல் விவேகம். வெறும் நம்பிக்கையாற் காத்திருத்தல் விவேகமாகாது.

இங்ஙனம் கூறியவற்றால், பழையதைக் கொள்வதே என்றும் நன்று என ஒருவர் கருதிவிடலாகாது. அதே வண்டியின் வரலாற்றில் 2025ஆம் ஆண்டு நிகழ்ந்ததை நோக்குக. அவ்வாண்டு ஜூன் மாதத்தில் மூன்றாம் தலைமுறை லீஃப் வெளிப்பட்டது. இரண்டாம் தலைமுறையின் கடைசி மாதிரியுள் மலிவானது 149 மைல் செல்லும்; அமெரிக்காவில் அதன் விலை 28,140 டாலர். மூன்றாம் தலைமுறையில் 303 மைல் செல்லும் வண்டிக்கு அறிவிக்கப்பட்ட தொடக்க விலை 29,990 டாலர். 1,850 டாலர் வேற்றுமைக்கு 154 மைல். மைல் ஒன்றுக்கு ஏறக்குறைய 12 டாலரே. முன்னைய கணக்கில் 212 டாலராக நின்றது இக்கணக்கில் 12 டாலராகக் குறைந்தது. அன்றியும், வேற்றுமை தூரத்தோடு நிற்கவில்லை. மின்கலத்தைத் திரவத்தாற் குளிர்விக்கும் ஏற்பாடு இதில் அமைந்தது. பழைய வண்டியின் விரைவு மின்னேற்றத் துளை சாடெமோ என்னும் முறையினது. அமெரிக்காவிற் புதிதாய் எழுந்த மின்னேற்ற நிலையங்களிற் பெரும்பாலன அம்முறையைக் கைவிட்டன. புதிய வண்டியோ டெஸ்லா கம்பெனியார் வகுத்து, 2023 முதற்கொண்டு பிற கம்பெனிகள் பலவும் ஏற்றுக்கொண்ட முறையிலமைந்த துளையை உடையது.

இதனின்று நாம் பெறும் பாடம் யாது? இரு மாதிரிகளுக்கிடையே உள்ள வேற்றுமை அளவு வேற்றுமை எனவும் தன்மை வேற்றுமை எனவும் இருவகைப்படும். 2017இல் நிகழ்ந்தது பெரும்பாலும் அளவு வேற்றுமை. மின்கலம் பெரிதாயிற்று, குளிர்விக்கும் முறையும் மின்னேற்றத் துளையும் மாறவில்லை. அளவு வேற்றுமையை நம் தேவையோடு ஒப்பிட்டுப் பணத்தால் ஈடுசெய்யலாம். 2025இல் நிகழ்ந்தது தன்மை வேற்றுமை. மின்னேற்றுவதற்கு வழியில் இடம் அருகிவரும் வண்டிக்கு எத்தனை டாலர் தள்ளினும், நெடும்பயணம் செய்வோனுக்கு அஃது ஈடாகாது. ஆயினும், வீட்டிலேயே மின்னேற்றி ஊருக்குள்ளேயே ஓட்டுவோன் ஒருவனுக்கு, தள்ளுபடி மிகப் பெரிதாயிருக்குமேல், அதுவும் பொருந்தும் என்பதை மறத்தலாகாது. தேவையே ஈண்டும் நடுவர்.

ஆகவே, இத்தகைய தேர்வு நேருங்கால் ஒருவன் காகிதமும் எழுதுகோலும் எடுத்து வரிசையாக எழுதத்தக்கன இவை: முதுமையிலும் குளிரிலும் எனக்கு வேண்டிய தூரம் எவ்வளவு? பழையது அதனைத் தருமா? தராதாயின், தள்ளுபடி எவ்வளவாயினும் அதனை விட்டுவிடுக. தருமாயின், இரண்டிற்கும் இடையே நிற்கும் உண்மை விலை வேற்றுமை எவ்வளவு? அவ்வேற்றுமைக்குப் பெறுவது அளவா, தன்மையா? வெளிப்பட்ட குறைகள் எவை. அவற்றிற்குப் பிணையம் உண்டா? எத்தனை ஆண்டு வைத்திருக்கப்போகிறேன்? இவற்றிற்கு விடை எழுதியபின் நெஞ்சின் ஊசல் பெரும்பாலும் தானே நின்றுவிடும்.

பழகப் பழகப் பாலும் புளிக்கும் என்பர். புதிய வண்டியின் பளபளப்பும், மலிவாய் வாங்கினோம் என்னும் களிப்பும் ஓராண்டில் ஒருங்கே புளித்துப்போம். அதன்பின் எஞ்சுவது நாடோறும் செல்லவேண்டிய வழியும், அவ்வழியை வண்டி கடத்துகின்றதா என்பதுமே. அவ்வொரு வினாவிற்கு வாங்குமுன் விடை கண்டோன் பழையதைக் கொண்டாலும் புதியதைக் கொண்டாலும் நன்றே செய்தவனாவான்.