மெல்லிய சத்தத்தில் தொடங்கு, உறுமியில் முடி: அக்காவின் டிப்ஸ்

தங்கச்சி, உங்க தாமான் டேவானில் எல்லா இனத்துப் பாட்டையும் ஒரே மாலையில் வைக்கப் போகிறோம் என்று நீ சொன்னதிலிருந்து எனக்கு அத்தனை சந்தோஷம். பேனரும் பந்தலும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். யாரைக் கூப்பிடுவது, எதற்குப் பின் எதை வைப்பது, இதை முதலில் உட்கார்ந்து எழுது.

சினிமாப் பாட்டுக்கு ஒரு குழு, சிங்க நடனத்துக்கு ஒரு குழு, ஜோகெட்டுக்கு ஒரு குழு என்று காசு கொடுத்து வரவழைப்பதுதான் வழக்கம். பத்து நிமிஷம் ஆடுவார்கள், உடுப்பு மாற்றிக்கொண்டு அடுத்த இடத்துக்குப் போய்விடுவார்கள். ஒருவர் பாட்டை இன்னொருவர் காதால் கேட்டிருக்க மாட்டார்கள். மலாக்காவில் இருந்துகொண்டு அப்படிச் செய்யாதே. நமக்கு டொண்டாங் சாயாங் இருக்கிறது. ஒரு வயலின், ரெபானா, ஒரு கோங், இவ்வளவு போதும். ஒருவர் நாலடிப் பந்துன் பாடினால் எதிரே நிற்பவர் அந்த இடத்திலேயே பதில் கட்டிப் பாட வேண்டும். 2018-ல் யுனெஸ்கோ இதை மரபுப் பட்டியலில் சேர்த்தபோது மலாய்க்காரர், பாபா நியோஞ்ஞா, செட்டி, போர்த்துகீசியர் என்று நான்கு சமூகங்களின் பெயரும் அதில் இடம்பெற்றது.

கேட்டவுடனே நம்ம எசப்பாட்டு ஞாபகம் வரவில்லையா? உஜோங் பாசிர் போர்த்துகீசியக் குடியிருப்பில் கிறிஸ்தாங் மொழியிலும் இப்படிப் பதிலுக்குப் பதில் பாடுவது உண்டு, மாத்தா கந்திகா என்பார்கள். நேப்பாளத்துப் பிள்ளைகளைக் கேட்டுப் பார், தோஹோரி என்று ஆணும் பெண்ணும் போட்டி போட்டுப் பாடுவதைச் சொல்வார்கள். ஆகவே நிகழ்ச்சியின் நடுவில் முழுசாக ஒரு மணி நேரம் எசப்பாட்டுக்கு ஒதுக்கு. இரண்டு வாரத்துக்கு முன்பே எல்லாருக்கும் ஒரே பொருளைக் கொடுத்துவிடு. மழை என்று வை, சோறு என்று வை. என்னைக் கேட்டால் 'வீட்டை விட்டு வந்த நாள்' என்று வைப்பேன். அதில் பாட ஒன்றுமில்லாத மனிதர் அந்த டேவானில் இருக்க மாட்டார். மொழி புரியாது என்று கவலைப்படாதே. இடைநிலைப்பள்ளிப் பிள்ளைகளிடம் ஒவ்வொரு பாட்டின் கருத்தையும் இரண்டு வரி மலாயிலும் தமிழிலும் மணிலா அட்டையில் பெரிதாக எழுதித் தூக்கிப் பிடிக்கச் சொல். அந்தப் பிள்ளைகளுக்கும் கைப்பேசியை மறந்து செய்ய ஒரு வேலை கிடைக்கும்.

காஜா பெராங் செட்டி கம்பத்துக்கு நீயே நேரில் போய் அழை, வாட்ஸ்அப்பில் அனுப்பி முடித்துவிடாதே. அவர்கள் சுல்தான் காலத்திலேயே வந்து தங்கிய தமிழ் வணிகர்களின் வழி வந்தவர்கள். தங்க ஆசாரிகள் தெருவில் இருக்கும் ஸ்ரீ பொய்யாத விநாயகர் கோவில் 1781-ல் அவர்கள் கட்டியது. வீட்டில் மலாய் பேசுவார்கள், பெண்கள் கெபாயா உடுத்துவார்கள், கும்பிடுவது நம் சாமியைத்தான். நம்ம ஆட்களில் சிலர் பார்த்தவுடனே "தமிழ் தெரியாதா?" என்று கேட்டுவிடுகிறார்கள். அந்தக் கேள்வி யார் வாயிலிருந்தும் வராமல் பார்த்துக்கொள். பாட்டைக் கேட்க அழைத்திருக்கிறோம், பரீட்சை வைக்க இல்லை.

அறிவிப்பாளருக்கு நீட்டி முழக்கிப் பேச எழுதிக் கொடுக்காதே. ஒரு விஷயம் மட்டும் சொல்லச் சொல். மலாயாவில் வியாபாரத்துக்கென்று முதல் ரப்பர்த் தோட்டம் போட்டவர் மலாக்காவின் பாபா, டான் சே யான். 1896-ல், புக்கிட் லிந்தாங்கில். அங்கே தொடங்கிய கித்தா மரம்தான் நம்ம தாத்தா பாட்டியைக் கப்பலேற வைத்தது. பாபா குழு மேடையேறுமுன் இதைச் சொன்னால் தோட்டத்துப் பெரியவர்கள் நிமிர்ந்து உட்கார்வார்கள்.

இப்போது நான் ரொம்ப நாளாக மனசில் வைத்திருப்பதைச் சொல்கிறேன். நாம் பிறந்த லயத்து வீடுகளில் இன்று யார் இருக்கிறார்கள்? ஜாசின் பக்கம், அலோர் காஜா பக்கம் போய்ப் பார். இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்தவர்கள். நம்ம அம்மா துணி காயப்போட்ட கொடியில் அவர்கள் சட்டை காய்கிறது. அவர்களையும் பாட அழை. தோட்ட நிர்வாகத்திடமோ தங்குமிடத்துப் பொறுப்பாளரிடமோ முதலிலேயே பேசிவிடு. வேன் ஏற்பாடு செய்து கூட்டி வா, திரும்பக் கொண்டுபோயும் விடு. சம்பளம் எவ்வளவு, பெர்மிட் இருக்கிறதா என்று யாரும் கேட்கக் கூடாது. அனுமதி கேட்காமல் முகத்தைப் படமெடுத்து டிக்டாக்கில் போடக் கூடாது. முன் வரிசையில் உட்கார வை.

அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை நல்லது என்கிறேன், தொழிலாளிகள் பலருக்கும் அன்றுதான் ஓய்வு. நாலரைக்குத் தொடங்கு. ஏழு மணியோடு நிறுத்தி, மஃரிப் முடிகிற வரை சாப்பாட்டு இடைவேளை விடு. எட்டுக்கு மறுபடி தொடங்கி ஒன்பதரைக்கு முடித்துவிடு, மறுநாள் பள்ளிக்கூடம். மலாக்கா மாநகர் மன்றமோ, ஆங் துவா ஜெயா, அலோர் காஜா, ஜாசின் நகராண்மைக் கழகங்களோ, உங்க டேவான் யாருக்குக் கீழ் வருகிறதோ அங்கே அனுமதிக்கு முன்கூட்டியே எழுதிக் கொடு. காவல் நிலையத்திலும் சொல்லிவிடு.

வரிசையை மட்டும் என் பேச்சைக் கேட்டு வை. நாங்கள் முதல் தடவை செய்தபோது கூட்டம் சேரட்டும் என்று உறுமி மேளத்தை முதலில் விட்டோம். டேவானே அதிர்ந்தது. அதன் பிறகு வயலினோடு வந்த பெரியவர் ஒருவர் பாடினார், பிள்ளைகள் காதில் மேளம்தான் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டே பந்துன் பாடிவிட்டு நிறுத்திக்கொண்டார். அவர் வயலினைப் பெட்டிக்குள் வைத்தது இன்னும் என் கண்ணில் இருக்கிறது. மெல்லிய சத்தம் முதலில், நடுவில் எசப்பாட்டு, பிறகு போர்த்துகீசியரின் பிராஞ்ஞோ ஆட்டம், எல்லாம் முடிந்து உறுமி. நம்ம பையன்கள் கடைசியில் என்றால் கோபித்துக்கொள்வார்கள். கூட்டம் கலையாமல் பிடித்து வைக்க உங்களால்தான் முடியும் என்று சொல், உண்மையும் அதுதான். டேவானுக்குள் உறுமிக்கும் தப்புக்கும் மைக் வேண்டவே வேண்டாம்.

குழந்தைகள் காதை நினைத்துக்கொள். கைக்கெட்டும் தூரத்தில் இருப்பவரிடம் கத்திப் பேச வேண்டியிருந்தால் சத்தம் அதிகம் என்று அர்த்தம். ஒலிபெருக்கிக்கு முன்னால் பாய் விரிக்காதே. கைக்குழந்தை வைத்திருப்பவர்களைக் கதவோரம் உட்கார வை. ஏடிஸ் கொசு பகலில் கடிக்கும், பொழுது சாய்கிற நேரத்தில் இன்னும் அதிகம், பிள்ளைகளுக்கு முழுக்கை போட்டு வரச் சொல். இடைவேளையில் ரெபானாவைத் தொட்டுப் பார்க்க விடு, ஆனால் வாசிப்பவரிடம் கேட்டுவிட்டு. உறுமியைத் தாண்டிப் போகக் கூடாது என்று நம்ம பிள்ளைகளே மற்ற பிள்ளைகளுக்குச் சொல்லட்டும்.

சாப்பாடு சைவமாக வைத்தால் பாதிப் பிரச்சினை இல்லை. வடை, கொண்டைக்கடலை என்று நம்ம பங்கு. குவே கொண்டு வருகிறவர்கள் கொண்டு வரட்டும், சுகி கேக் யாராவது செய்து வந்தால் முட்டை இருக்கிறது என்று அட்டையில் எழுதி வை.

பாட்டிகளைப் பாட வைக்கப் பொறுமை வேண்டும். எழுந்து மைக் முன்னால் நில்லுங்கள் என்றால் ஒரு பாட்டியும் வாய் திறக்க மாட்டார். பாய் விரித்து, பேத்தியைப் பக்கத்தில் உட்கார்த்தி, தாலாட்டில் முதல் அடியைப் பேத்தியே எடுக்கட்டும். தப்பாகத்தான் பாடுவாள். அதைத் திருத்துகிற சாக்கில் பாட்டி முழுசாகப் பாடிவிடுவார். வெந்நீர் ஃபிளாஸ்க் ஒன்று பக்கத்திலேயே இருக்கட்டும்.

வேன் கிளம்புவதற்கு முன் இன்னொன்று. அன்று ராத்திரி ஷிஃப்ட் இருந்து வர முடியாமல் போனவர்கள் எத்தனை பேர் என்று கேட்டு, அத்தனை பொட்டலம் கட்டி வேனில் போகிறவர்கள் கையிலேயே கொடுத்தனுப்பு.