நாரும் நலமும்

ஏரிப்பாசன வயல்கள் சூழ்ந்திருந்த திருப்பெரும்புதூரும் ஒரகடமும் இன்று மகிழுந்துகளும் மின்னணுக் கருவிகளும் உருவாகும் தொழில்தடமாக விளங்குகின்றன. ஆலைகளில் பணிநேரம் மாறும்போது இல்லங்களில் உணவு வேளையும் மாறுகிறது. பெற்றோர் இரவுப் பணிக்குச் செல்லும் வீடுகளில் பரோட்டாவும் நூடுல்சும் எளிதில் இடம்பிடிக்கின்றன. இம்மாற்றம் நீரிழிவு கொண்ட வளரிளம் பருவத்தினரைக் கூடுதலாகத் தாக்குகிறது.

உணவிலுள்ள மாவுச்சத்து செரித்து, குளுக்கோசாக இரத்தத்தில் கலக்கிறது. அதனை உயிரணுக்கள் ஏற்கத் துணைபுரிவது கணையம் சுரக்கும் இன்சுலின். முதல்வகை நீரிழிவில் இன்சுலின் சுரக்கும் அணுக்களை உடலின் நோய் எதிர்ப்பாற்றலே அழித்துவிடுகிறது. இரண்டாம் வகையிலோ சுரக்கும் இன்சுலின் முறையாகச் செயல்படுவதில்லை. பருவ வளர்ச்சிக்குரிய ஹார்மோன்களும் இன்சுலினின் ஆற்றலைக் குறைப்பதால், இவ்வயதில் சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பது மேலும் கடினமாகிறது.

இங்கே துணைக்கு வருவது நார்ச்சத்து. அவரை, கொத்தவரை, வெண்டை, கொய்யா ஆகியவற்றிலுள்ள கரையும் நார், நீரை ஈர்த்துக் கூழ்போலாகிச் சர்க்கரை உறிஞ்சப்படும் விரைவைக் குறைக்கிறது. கரை உடைந்த ஏரி பயிரை அழிக்கும். மதகின் வழியே அளவோடு பாயும் நீர் பயிரை வளர்க்கும். நார்ச்சத்து அத்தகைய மதகு. தானியத் தவிட்டிலும் கீரைத் தண்டிலும் மிகுந்துள்ள கரையாத நார் மலச்சிக்கலைத் தவிர்க்கிறது.

பத்து வயதும் அதற்கு மேலும் ஆனோர் நாள்தோறும் குறைந்தது 25 கிராம் நார்ச்சத்து உண்ண வேண்டும் என உலக நலவாழ்வு நிறுவனம் 2023இல் பரிந்துரைத்தது. அரிசியைத் தீட்டும்போது தவிட்டோடு நாரும் நீங்குகிறது. ஆகவே சோற்றின் அளவைக் குறைத்து, பொரியலையும் சுண்டலையும் கூட்டுவது நன்று. கேழ்வரகையும் நைய அரைத்துக் கூழாக்கினால் அதன் மாவுச்சத்து விரைவில் செரித்துவிடும். எனவே அளவறிந்து உண்ணல் வேண்டும்.

எனினும் நார்ச்சத்து மருந்தன்று. 1922ஆம் ஆண்டு சனவரியில் கனடாவின் டொராண்டோ நகரில் முதன்முதலாக இன்சுலின் பெற்றவன் 14 வயதுச் சிறுவன். அதற்குமுன் கடும் உணவுக் கட்டுப்பாட்டால் முதல்வகை நோயாளரின் வாழ்நாளைச் சிறிது நீட்டிக்க முடிந்ததேயன்றி, அவர்களைக் காக்க இயலவில்லை. கீரையும் சிறுதானியமும் உண்கிறோம் என்று இன்சுலின் ஊசியை நிறுத்துவது உயிருக்கே கேடாகும்.

சர்க்கரை அளவு தாழ்ந்து வியர்வையும் நடுக்கமும் தோன்றினால், அப்பொழுது வேண்டுவது சுண்டலன்று. விரைந்து உறிஞ்சப்படும் குளுக்கோசு அல்லது சர்க்கரைக் கரைசலே. இதனை அருகிலமரும் வகுப்புத் தோழரும் அறிந்திருத்தல் வேண்டும். வேளை தவறாத மருந்து, நார் நிறைந்த உணவு, உற்றறிந்து உதவும் நட்பு ஆகிய மூன்றும் இணையும்போது நீரிழிவு கொண்ட மாணவரின் கல்வியும் விளையாட்டும் தடையின்றித் தொடரும்.